அந்தக் கோடு ஏன் அங்கே போகிறது?

தரவுத்தளம் என்ற சொல்லைக் கண்டதும் இது கணினி படித்தவர்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் சகோதரிகளே. வங்கிக் கணக்கு, மின்சாரப் பட்டியல், அஸ்வெசும விண்ணப்பம் என்று நம் ஒவ்வொருவரின் பெயரும் இன்று ஏதோவொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே நாம் யாருடன் சேர்த்து, யாருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறோம் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. அதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. என் தொழிலில் நான் கண்ட அந்த வழியைப் பற்றித்தான் இங்கு சொல்லப் போகிறேன்.

முதலில் தரவுத்தளம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு சிறு சேமிப்புக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கத்தவர் விபரத்துக்கு ஒரு கொப்பி, கடன் விபரத்துக்கு இன்னொரு கொப்பி. கடன் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் பெயர், விலாசம் எல்லாம் எழுதுவதில்லை. அங்கத்தவர் இலக்கத்தை மட்டும் எழுதினால் போதும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கொப்பிக்குப் போகலாம். கணினியில் இந்தக் கொப்பிகளை அட்டவணைகள் என்கிறோம். ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் இலக்கமே அந்நியச் சாவி. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்பவர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே இந்த முறைக்கு அடித்தளம்.

அட்டவணைகள் பெருகும்போது எது எதனோடு தொடர்புடையது என்பதை மனதில் வைத்திருக்க முடியாது. அதனால் 1976இல் பீட்டர் சென் என்ற அறிஞர் இவற்றைப் பெட்டிகளாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டும் முறையை முன்வைத்தார். இன்று உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள் வரையும் ஈ.ஆர். வரிப்படம் அதன் வழி வந்ததுதான். ஒருவருக்குப் பல கடன்கள் இருக்கலாம் என்பதைக் காட்டக் கோட்டின் முனையை மூன்றாகப் பிரித்து வரைவதும் உண்டு. காகத்தின் கால் போல இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கையால் வரைந்த படத்தில் ஒரு குறை உண்டு. அது வரைந்த நாளோடு நின்றுவிடும். தரவுத்தளமோ வளர்ந்துகொண்டே போகும். பெண்களுக்குச் சிறு கடன் வழங்கும் ஒரு நிறுவனத்தில் தரவுகளைப் பராமரிக்கும் பொறுப்பை நான் ஏற்றபோது, முன்பு அதை அமைத்தவர் வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற காகிதத்தில் 14 பெட்டிகள் இருந்தன. கணினியில் எண்ணிப் பார்த்தால் 31 அட்டவணைகள்!

ஆகவே படத்தை நான் வரையவில்லை. தரவுத்தளத்தைக் கொண்டே வரைய வைத்தேன். பெரும்பாலான தரவுத்தளங்கள் தம்மைப் பற்றிய குறிப்பேடு ஒன்றையும் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. எந்தெந்த அட்டவணைகள் உண்டு, அவற்றில் என்னென்ன நிரல்கள் உண்டு, எந்தச் சாவி எங்கே போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வாசிக்க பைதன் மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு சாவிக்கும் அது ஒரு வரியை எழுதும். உதாரணமாக:

கடன் -> குடும்பம்

இவ்வளவுதான். இப்படியான வரிகள் கொண்ட கோவையை கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால், எந்தப் பெட்டி மேலே, எது கீழே, கோடுகள் ஒன்றையொன்று எப்படிக் குறைவாக வெட்டும் என்று அதுவே கணித்துப் படமாக்கித் தரும். இது அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. ஆய்வுகூடத்தில் உருவானது. பெட்டிகளின் பெயரைத் தமிழிலும் கொடுக்கலாம். அட்டவணைகளின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் புரோகிராமில் சேர்த்தேன். எங்கள் கள உத்தியோகத்தர்களும் வாசிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதற்படத்தில் பல பெட்டிகள் கோடே இல்லாமல் தனித்து நின்றன. காரணம் இதுதான்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மைஐசாம் என்றொரு பழைய வகை அட்டவணை உண்டு. அதில் அந்நியச் சாவியை எழுதினாலும் அது பதிவாகாது. குறிப்பேட்டில் இல்லாததைப் படமும் காட்டாது. ஆகவே நிரல்களின் பெயர்களை ஒப்பிட்டு, தொடர்பு இருக்கலாம் என்று தோன்றிய இடங்களில் புள்ளிக்கோடு போடும்படி புரோகிராமை மாற்றினேன். உறுதியானது முழுக்கோடு, ஊகம் புள்ளிக்கோடு. இந்த வேறுபாட்டைப் படத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினேன். கணினியைத் தொட்டறியாத எங்கள் மூத்த கள உத்தியோகத்தர் ஒருவர் நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ. கடன் எடுக்கிறதும் மனிசி, கட்டுறதும் மனிசி. பிறகேன் இந்தக் கோடு அவவிட்டப் போகாமல் குடும்பத்துக்குப் போகுது?"

அவர் கேட்டது சரி. கடன் என்ற பெட்டியிலிருந்து அங்கத்தவர் பெட்டிக்குக் கோடே இல்லை. கடனிலிருந்து குடும்பத்துக்கு ஒரு கோடு. குடும்பத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம் 'குடும்பத் தலைவர்'. ஒரு பெண் கணவனைப் பிரிந்து தாய் வீட்டுக்குப் போனால், பதிவில் அவள் புதிய குடும்பமொன்றுக்கு மாற்றப்படுவாள். ஆனால் அவள் தவணை தவறாமல் கட்டிய கடன்கள் பழைய குடும்பத்தோடு, பிரிந்த கணவனின் பெயரின் கீழேயே நின்றுவிடும். அடுத்த கடனுக்கு அவள் விண்ணப்பித்தால் 'முன்பு கடன் பெறாதவர்' என்று திரை சொல்லும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை அந்த உத்தியோகத்தருக்கு முகம் முகமாகத் தெரியும். காரணந்தான் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

இது சின்ன விடயமல்ல. நம் நாட்டில் ஏறத்தாழ நான்கு குடும்பங்களில் ஒன்று பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்று 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வு காட்டியது. 2004 சுனாமிக்குப் பின்னர் வீடும் நிவாரணமும் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே வழங்கப்பட்டதைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. அதே சொல் ஓர் அட்டவணைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

நிர்வாகக் கூட்டத்துக்கு இரண்டு படங்கள் கொண்டு போனேன். ஒன்று இருப்பது, மற்றது கடனிலிருந்து அங்கத்தவருக்கு நேராக ஒரு கோடு சேர்த்தது. "கணினி அப்படித்தான் கேட்கிறது" என்றார் ஒருவர். கணினி எதையும் தானாகக் கேட்பதில்லை. படிவத்தைத் தயாரித்த மனிதர் அப்படி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. மாற்றத்துக்குச் சம்மதம் கிடைத்தது.

கோடு சேர்ப்பது அரை நாள் வேலை. பழைய கடன்களை உரியவரோடு சேர்ப்பதற்குத்தான் நான்கு மாதங்கள் சென்றன. கையொப்பமிட்ட விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். விண்ணப்பம் தொலைந்துபோன கடன்களை இன்றுவரை யாருடைய பெயரிலும் சேர்க்க முடியவில்லை.

கணினி படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்கீமாஸ்பை போன்ற மென்பொருள்கள் தரவுத்தளத்தை வாசித்துத் தாமே படம் தருகின்றன. 2014இல் வெளிவந்த மெர்மெய்டில் எழுத்து வரிகளிலிருந்தே ஈ.ஆர். வரிப்படம் பெறலாம். படத்தின் மூலம் எழுத்தாகவே இருப்பதால் பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிடலாம். தரவுத்தளம் மாறும் ஒவ்வொரு முறையும் புரோகிராமை ஓடவிட்டால் படமும் புதிதாகிவிடும். இதில் எவருடைய பெயரோ அடையாள அட்டை இலக்கமோ இராது, அமைப்பு மட்டுமே தெரியும். எனவே அலுவலகத்தில் எல்லோருக்கும் விரித்துக் காட்டலாம். ஆனால் பெட்டிகளின் பெயரை அவர்களுடைய மொழியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கேள்வி கேட்கக்கூடியவர்கள் பேசாமல் கடந்து போய்விடுவார்கள்.

கணினி படிக்காத சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வேன். சங்கமோ, கடன் திட்டமோ, நீங்கள் பெயர் பதிந்திருக்கும் இடத்தில் கேளுங்கள்: என் சேமிப்பு என் பெயரோடு நேராகச் சேர்ந்திருக்கிறதா, அல்லது வேறொருவர் ஊடாகவா? இதைக் கேட்கப் படிப்பு வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒரு படத்தைக் காட்டிச் சொல்லட்டும்.