காணாமற்போனவரைத் தேடும் கேள்வி



எஸ்றா 6-ம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருப்பீர்கள். எருசலேம் ஆலயத்தைக் கட்டும்படி கோரேசு ராஜா உண்மையாகவே கட்டளையிட்டானா என்ற விவாதம் எழுந்தபோது, தரியு ராஜா பாபிலோனின் ஏடுகளில் தேடச் சொன்னான். சுருளோ மேதிய தேசத்து அக்மேதா அரமனையில் அகப்பட்டது. பாபிலோனில் இல்லை என்றவுடன் தேடுகிறவர்கள் பெட்டியை மூடியிருந்தால், ஆலயவேலைக்கு ஆதாரம் காட்ட வழியிருந்திராது.

இன்று நம் கையிலுள்ள கைப்பேசியும் அப்படியே இருக்கிறது. தொலைபேசி எண்கள் ஓரிடம், ஜெபக்குறிப்புகள் வாட்ஸ்அப், குடும்ப விவரம் எக்செல், ஞாயிறு வருகைப்பதிவு ஒரு நோட்டுப்புத்தகம். ஒவ்வொன்றும் தன் அறைக்குள் மட்டுமே தேடும். அடுத்த அறையில் இருப்பதை அது அறியாது.

இந்த அறைகளின் கதவுகளைத் திறக்கும் சாவிக்குக் கணினித் துறையில் 'குவெரி' என்று பெயர். 1970-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்பவர், எல்லா விவரங்களையும் எளிய அட்டவணைகளாக வைத்து, அவற்றைப் பொதுவான ஓர் எண்ணால் இணைக்கலாம் என்று எழுதினார். 1974-ல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கென ஒரு கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். அதன் சிறப்பு என்னவென்றால், எப்படித் தேடவேண்டும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும்.

இது பெரிய அலுவலகங்களுக்கு உரியது, நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். 2000-ம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட் என்னும் சிறிய தரவுத்தளம் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. (காப்புரிமை அறிவிப்பு இருக்கவேண்டிய இடத்தில் அவர் ஓர் ஆசீர்வாதத்தை எழுதிவைத்திருக்கிறார். வேதாகமக் கல்லூரியில் படித்த எனக்கு இது மிகவும் பிடித்தது!) தொலைபேசி எண்களையும் வங்கி விவரத்தையும் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். டக்.டி.பி. போன்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளையே அட்டவணைகளாகப் பாவித்து, ஒரே கேள்வியைப் பலவற்றிடம் ஒருசேரக் கேட்கும். சபை வாலிபரில் கணினி கற்ற ஒருவர் இருந்தால் போதும்.

எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதே முக்கியம். கோலார் தங்கவயலின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. சுரங்கத் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இறங்குகிறவனுடைய எண் மேலே குறிக்கப்படும். ஏறியவுடன் அந்தக் குறி நீக்கப்படும். ஷிப்டு முடிந்தபின் மீதியிருக்கிற எண்ணே பேசும்: இவன் இன்னும் மேலே வரவில்லை. பூமிக்கடியில் இருப்போருக்குத் தனிப்பதிவேடு வைக்க 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் கட்டளையிட்டிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன சாம்பியன் ரீஃபில், பாறை வெடித்த நாட்களில், மேலே நின்ற மனைவிக்கு மொத்தம் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது முக்கியமல்ல. வராதவன் யார் என்பதே முக்கியம்.

நல்ல மேய்ப்பனின் கணக்கும் அதுவே. தொண்ணூற்றொன்பது என்று எண்ணி அவர் திருப்தியடையவில்லை. கணினியிடமும் இதையே கேட்கலாம்: குடும்ப அட்டவணையில் இருந்து, மூன்று மாத வருகை அட்டவணையில் இல்லாதவர்களைக் காட்டு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் ஜனங்கள் சிதறினார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் என்று இறங்கி வேலைக்குப் போகிறார்கள். பலர் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள். எங்கள் சபைக்கு இங்கே ஒரு பட்டியல், பெங்களூரிலுள்ள கிளைச்சபைக்கு ஒரு பட்டியல். இரண்டையும் இணைத்து மேற்சொன்ன கேள்வியை வாலிபர்கள் கேட்டபோது, ஒரு வயதான தாயாரின் பெயர் வந்தது. இங்குள்ள பட்டியலில் "மகனிடம் பெங்களூரில்" என்றிருந்தது. அங்கே "ஊருக்குத் திரும்பினார்" என்றிருந்தது. இரண்டும் எழுதப்பட்ட நாளில் உண்மையே. அந்தத் தாயாரோ லைன் வீட்டில், முழங்கால் வீங்கி, வாசலைத் தாண்டமுடியாமல் இருந்தார். அடுத்த வீட்டு இஸ்லாமியக் குடும்பமே அவருக்குச் சோறு கொடுத்துவந்தது. கர்த்தர் அந்த வீட்டாரை ஆசீர்வதிப்பாராக.

ஒரு தடை உண்டு. இணைப்பதற்குப் பொதுவான அடையாளம் வேண்டும். நம் பெயர்களோ ஓரிடத்திலிருப்பதுபோல் மறுஇடத்தில் இருப்பதில்லை. ரேஷன் கார்டில் கன்னடத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து, ஞானஸ்நானத்தில் ஒரு வேதாகமப் பெயர், இனிஷியல் முன்னும் பின்னும். கணினிக்கு இவர்கள் நான்கு பேர். கைப்பேசி எண்ணையும் நம்பமுடியாது, சிம் மாறிவிடும். ஆகவே சுரங்கத் தொழிலாளிக்கு டோக்கன் எண் இருந்ததுபோல ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். 2014-ல் வருங்கால வைப்புநிதி நிறுவனம் யு.ஏ.என். என்ற ஒரே எண்ணைக் கொடுக்கத் தொடங்கியதும் இதற்காகவே. கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி என்று கம்பெனி மாறி மாறி வேலை செய்கிறவர்களே, உங்கள் பழைய கணக்குகள் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கின்றனவா, ஆதாரில் உள்ள பெயரே அங்கும் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பணம் எடுக்கும் அவசரத்தில் பார்த்தால் கண்ணீரே மிஞ்சும்.

இனி, இணைக்கக்கூடாதவை. காணிக்கை அட்டவணையைக் குடும்ப அட்டவணையோடு இணைத்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வரிசைப்படுத்துவது மிகவும் எளிது. இரண்டு வரி எழுதினால் போதும். வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை நான் இங்கே அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கணக்குக்காகக் காணிக்கைப் பதிவு இருக்கட்டும்; மேய்ப்பனின் பார்வைக்கு அது வரவேண்டாம். வியாதி, கடன், குடும்பச் சண்டை என்று ஜெபத்துக்காக நம்பிச் சொன்னவையும் அட்டவணையில் ஏறக்கூடாது. எண்ணிக்கை எடுப்பது பாவமல்ல. எண்ணாகமத்தில் கர்த்தரே அதற்குக் கட்டளையிட்டார். 2 சாமுவேல் 24-ல் தாவீதின் இருதயமே அவனை வாதித்தது. மேலும், ஒருவருடைய விவரத்தை அவருடைய சம்மதத்தோடு, சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும் என்பது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறோம். வருகிற பெயர்களை வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. ஒரு தாளில் எழுதி, சந்திக்கப் போகிற இரண்டு பேரிடம் கொடுக்கிறோம். போய் வந்தபின் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். சென்ற வாரம் நான்கு பெயர்கள். இருவர் ஞாயிறு ஷிப்டில் இருக்கிறார்கள், ஒருவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார். நான்காவது வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரிக்க நாளை மறுபடியும் போகிறார்கள்.