குமிழி ஏந்திய ஒளி



விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் ஊதும் சோப்புக் குமிழியைப் படம்பிடித்துப் பாருங்கள். சேரன்மகாதேவியின் மே மாத வறண்ட காற்றில் அது நொடிகளில் உடைந்துவிடும். கரைசலில் சிறிது கிளிசரின் சேர்த்தால் நீர் ஆவியாவது தாமதிக்கும். தாமிரபரணிக் கரையின் மருதமர நிழல் பின்னணியாக அமைந்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நிறங்கள் துலங்கும். எடுத்த படங்களில் பல வெறுமையாயிருக்கும். ஒன்று தேறினாலும் மனம் நிறையும். அதைப் பெரிதாக்கினால் நீங்களே இருமுறை தெரிவீர்கள்: முன்புறத்தில் நேராகவும், பின்புறத்தில் தலைகீழாகவும்.

குமிழிக்குச் சொந்த நிறமில்லை. மெல்லிய படலத்தின் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்தே நிறமாகிறது. நீர் கீழே வடிய, உச்சி மெலிந்து கருமையாகி, பின்பு உடைகிறது. 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் நியூட்டன் இதைக் கவனித்து எழுதியுள்ளார்.

யாக்கோபு நம் வாழ்வைப் புகைக்கு ஒப்பிட்டார். இளம்வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரே, “இத்தனை சீக்கிரமா?” என்று கலங்குகிறீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆயினும், அப்பிள்ளை வாழ்ந்த நாட்களில் உங்கள் வீட்டில் வீசிய ஒளி மெய்யானது. அதை நன்றியோடு நினைவுகூருங்கள். கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. ஆமென்.