விடுதலைப் பத்திரம்



நான் பணியாற்றும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், நாம் அறிந்துகொள்ள வேண்டிய நிலவழக்கம் ஒன்று உண்டு. மினாங்கபாவிலிருந்து வந்து குடியேறிய மலாய் மக்களின் ‘அடாட் பெர்பாத்தே’ மரபு அது. ரெம்பாவ், கோலப்பிலா வட்டாரக் கம்பங்களில் குலத்தின் பூர்வீக நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்லும். மணமானதும் கணவன்தான் மனைவி வீட்டுக்கு வருவான். ஆங்கிலேயர் காலத்தில், 1909-இல், இவ்வழக்கம் சட்டமாகவே இயற்றப்பட்டது. மரபு நிலம் என்று பதிவானதை, அம்மரபுக் குலங்களைச் சேர்ந்த பெண்ணுக்கு அல்லாமல் பிறருக்கு மாற்ற இயலாது.

இதிலும் குறைகள் உண்டு. நிலம் பெண்ணுடையது, குலத்தலைவர் பதவியோ ஆணுடையது. தலைமுறைதோறும் பங்குகள் சிறுத்து, இளையோர் நகரம் சென்றதால், பல வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. ஆயினும் பள்ளிக்கு அருகில் வாழும் மலாய் மூதாட்டி ஒருவர், “இது அம்மா எனக்கு விட்டுச் சென்றது, நான் மகளுக்கு விட்டுச் செல்வேன்” என்று இயல்பாகச் சொல்வார். அவருடைய மகள் அதை யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

தமிழகத்துச் சிற்றூரில் வாழ்ந்த என் அத்தைக்கு அந்நிலை வாய்க்கவில்லை. சிறுவயது முதல் தாத்தாவின் வயலில் நாற்று நட்டவர் அவர். 1993-இல் தாத்தா மறைந்தபின், பத்திரப் பதிவு அலுவலகத்தில் தம் பங்கை என் தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். பதிலுக்கு ஒரு பட்டுச்சேலை கிடைத்தது. அந்த ஆவணத்தின் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது என்பதே அவருடைய அச்சம். மாமா இறந்தபின், அதே வயலில் அத்தை கூலிக்கு நாற்று நட்டார்.

கையெழுத்து தேவைப்பட்டது என்பதே அவருக்கு உரிமை இருந்ததற்குச் சான்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்திருந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழக அரசு 1989-இல் வழங்கியது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் நடுவண் அரசின் திருத்தம் அத்தடையை நீக்கியது. அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. ஆனால், ‘அண்ணன் தம்பிக்குத்தானே விட்டுக்கொடுக்கிறாய்’ என்னும் ஒரு சொல் அதனைச் செல்லாததாக்கி விடுகிறது.

நம் நாட்டிலும் இது நடவாமல் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடுதான் நம்மில் பலருக்கு ஒரே சொத்து. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளுக்குரிய பங்கில் 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் மகன், மகள் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. இதை எத்தனை தாய்மார்கள் தம் மகள்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

விட்டுக்கொடுப்பது தவறன்று. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து, அச்சமின்றிக் கொடுத்தால்தான் அது கொடை. பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அலுவல் கடிதம் எழுதக் கற்றுத்தரும் நாம், கையெழுத்திடும் முன் முழுவதையும் படிக்க வேண்டும் என்பதையும் மாணவியர்க்குச் சேர்த்தே கற்பிப்போம்.