இராசபாளையத்தில் நாய்க்குட்டி தேடிய கதை

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 85 கிலோமீற்றர் கடந்தால், ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து இராசபாளையம் வருகின்றது. மேற்கே வானளாவி நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் விரிந்து கிடக்கின்றன. ஊருக்குள் நூலாலைகளின் இரைச்சல் ஓய்வதில்லை. தெலுங்கு நாட்டிலிருந்து முற்காலத்தில் வந்து குடியேறிய ராஜுக்களின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 1949 முதல் 1952 வரை சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராக விளங்கிய குமாரசாமி ராஜா இவ்வூரவரே. தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த பெருந்தகை அவர்.

இத்தனை சிறப்பிருந்தும், இவ்வூர்ப் பெயரை நெடுந்தூரம் கொண்டு சென்றது ஒரு நாய் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். பாலையொத்த வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், நுனி வளைந்த வால். இதுவே இராசபாளையம் நாய். பாளையக்காரர் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டதென்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லி வருவது. 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் முத்திரை வெளியிட்டபோது, அவற்றுள் இதுவும் ஒன்றாக இடம்பெற்றது.

சென்ற ஆண்டு தல யாத்திரையாக அப்பகுதிக்குச் சென்றிருந்தேன். மதுரையில் வாழும் என் மைத்துனர் தமது தோட்டக் காவலுக்கு இவ்வினக் குட்டியொன்று வாங்க விரும்பினார். ஆண்டாள் சந்நிதியைத் தரிசித்த பின் இருவரும் இராசபாளையம் சென்றோம். நாயின் சொந்த ஊரிலே நல்ல குட்டி எளிதிற் கிடைக்குமென்பது அவர் எண்ணம்.

முதலிற் கண்ட வியாபாரி, பிரம்புக் கூடையொன்றில் நான்கு குட்டிகளை வைத்திருந்தார். நான்கும் வெள்ளை; நான்கும் அழகு. “தாய் எங்கே?” என்று கேட்டோம். “தோட்டத்தில் நிற்கிறது, தூரம்” என்றார். நாங்கள் வருகிறோம் என்றதும், நாய் கடிக்கும் என்றார். வெள்ளைத் தோல் மட்டும் இராசபாளையத்துக்குச் சாட்சியாகாது. கலப்பினக் குட்டியும் வெள்ளையாகப் பிறப்பதுண்டு. தாயைக் காட்ட மறுப்பவரிடம் விலை பேசுவதிற் பயனில்லையென்று மைத்துனரை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

தேநீர்க்கடைக்காரர் ஒருவர் சொன்ன வழியே சென்று, ஊரின் புறத்தே ஒரு முதியவரின் தோப்பை அடைந்தோம். அவரிடம் நாங்கள் கேட்டதினும் எங்களிடம் அவர் கேட்டதே மிகுதி. “தோட்டத்துக்கு வேலி உண்டா? பகல் முழுவதும் கட்டிப்போடுவீர்களா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பது? இந்த நாய் ஓடப் பிறந்தது ஐயா, கூட்டில் அடைத்தால் கெட்டுப்போகும்” என்றார். பெண் கொடுப்பவர்கூட இத்தனை விசாரிக்க மாட்டார் என்று மைத்துனர் நகைத்தார். எனக்கோ அந்த விசாரணையிலேயே நம்பிக்கை பிறந்தது.

பின்னர் அவராகவே தம் இனத்தின் குறையைக் கூறினார்: இவ்வினத்தில் பிறவிச் செவிடு உண்டு. அதற்குக் காரணம் அந்த வெண்மையேதான். உட்காதிலுள்ள நிறமிக் கலங்கள் இல்லாதொழியின், ஒலியை உணரும் நுண்ணிய கலங்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். நீலக் கண்ணுடைய குட்டிகளில் இக்குறை மிகுதி. வெண்மையொன்றையே விரும்பி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்து வந்தால் குறை பெருகும். செவிட்டுக் குட்டியைக் கண்டறிவதும் எளிதன்று. உடன்பிறந்தவை ஓடினால் அதுவும் ஓடும், அவை விழித்தால் அதுவும் விழிக்கும்.

முதியவர் ஒரு குட்டியைத் தனியே எடுத்துச் சென்று, அது தூங்கும் வரை காத்திருந்தார். பின்னால் நின்று, காற்றோ நில அதிர்வோ படாத தொலைவில் சாவிக்கொத்தை மெல்லக் குலுக்கினார். குட்டி தலையைத் தூக்கிற்று. அடுத்த குட்டியும் அவ்வாறே. மூன்றாவது அசையவில்லை; மீண்டும் குலுக்கினார், அப்போதும் அசையவில்லை. “இது விற்பனைக்கு இல்லை” என்று அதனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் கேளாத நாய் வீதியில் நெடுநாள் வாழாது. ஆதலால் அதற்கு இணை சேராதபடி சத்திர சிகிச்சை செய்வித்து, வேலியுள்ள தம் தோப்பிலேயே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அவ்வாறு வளர்ந்த வேறொரு செவிட்டு நாயை, தரையைக் காலால் தட்டி அழைத்தே பழக்கியிருந்தார். ஒரு காதில் மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். மிருக வைத்தியரிடமுள்ள கருவியே அதனை உறுதியாகக் காட்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

சட்டமும் இப்போது வாங்குபவருக்குத் துணை நிற்கின்றது. 2017 ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, நாய் இனவிருத்தி செய்து விற்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. 18 மாதம் ஆகாத பெட்டை நாயை ஈனச் செய்யலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. சென்னையிலுள்ள இந்திய கெனல் கிளப் தரும் வம்சாவளிப் பத்திரமும் உண்டு. ஆயினும் பத்திரம் பெற்றோரின் பெயரைச் சொல்லுமேயன்றி, குட்டியின் காதையும் குணத்தையும் சொல்லாது.

அம்முதியவரின் குட்டிகளுக்கு அன்று ஆறு வாரமே நிறைந்திருந்தது. முழுப்பணத்தையும் அப்போதே தருவதாக மைத்துனர் சொல்லியும் அவர் இணங்கவில்லை. தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் இருந்து, எவ்வளவு கடிக்கலாம், எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்று குட்டி கற்கும் பருவம் அது. இரண்டு வாரம் கழித்துத் தடுப்பூசிச் சீட்டுடன் பெற்றுக்கொள்வதென முடிவாயிற்று.

எம் யாழ்ப்பாணத்தில் ‘சாதி நாய்’ என்று சொல்லி ஆசையோடு வாங்குவோர் பலர். எவ்வினமாயினும், எவ்வூராயினும், தாய் நாயைக் காணுங்கள். அது இருக்கும் இடம் தூய்மையாயுள்ளதா, மனிதரைக் கண்டு அஞ்சி ஒடுங்குகின்றதா என்று பாருங்கள். அவ்வினத்துக்கு உள்ள நோய் யாதென்று வளர்ப்பவரைக் கேளுங்கள். ஒரு குறையும் இல்லையென்பவரை விட்டு விலகுங்கள். குறையைத் தாமே சொல்லி, உங்களையும் நான்கு கேள்வி கேட்டு, காத்திருக்கச் சொல்பவர் அகப்பட்டால், அந்த இரண்டு வாரத்தைப் பெரிதாக எண்ணாதீர்கள். வீட்டுக்கு வரும் அச்சீவன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உங்களோடு வாழப்போகின்றது.