கூழாங்கல் மேட்டில் ஒரு அறுவடை

ஷாத்தோனெஃப் து பாப் ஊரில் ஒயினுக்கான திராட்சையை இயந்திரம் வைத்துப் பறிக்கக் கூடாது. கையால் பறிக்க வேண்டும், பறித்ததைத் தரம் பிரிக்கவும் வேண்டும், சட்டமே அப்படி. தென் பிரான்சில் அவிஞோன் நகருக்கு வடக்கே, ரோன் ஆற்றை ஒட்டிய இந்த ஊரில் 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் கோட்டை கட்டினார். ஊர்ப்பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். ஒயினின் தரம் இருப்பதோ பறிப்பவர்களின் கையில். செப்டம்பர் வெயிலில் அவர்களோடு நின்று பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அந்தத் தோட்டத்தில் மண் கண்ணில் படவில்லை. பழைய ஆற்றோட்டம் உருட்டிவந்து போட்ட கூழாங்கற்கள்தான் எங்கும். சில தேங்காய்ப் பருமன். பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் கொடிக்குக் கொடுக்கும் கற்கள் இவை. பழத்துக்கு நல்லது, பறிப்பவரின் கணுக்காலுக்குக் கேடு. கம்பியில் ஏற்றாத முதிய கொடிகள் குட்டையாக நிற்பதால் நாள் முழுக்கக் குனிந்தே வேலை. ஸ்பெயினிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தவர்கள் குழுவில் இருந்தார்கள். மூத்த பெண் ஒருவர் குலையை இடக்கையில் தாங்கிக் காம்பை வெட்டினார். பிறகு அதைத் திருப்பிப் பிரித்து, உள்ளே அழுகியிருந்த நாலைந்து பழங்களைக் கத்தரி முனையால் நெம்பி எறிந்தார். பக்கத்து வரிசையில் புதிதாக வந்த பையனிடம், “கண்ணை மட்டும் நம்பாதே, மோந்து பார். காடி வாடை அடித்தால் முழுக் குலையையும் கீழே போடு” என்றார். கூடைக்குப் போனதைவிடத் தரையில் கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் வேலையை நான் புரிந்துகொண்டேன்.

போலிச் சரக்கு பெருகிய காலத்தில், 1923 வாக்கில், பாரோன் லெ ருவா என்ற திராட்சைத் தோட்ட உரிமையாளரின் தலைமையில் ஊர் விவசாயிகள் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். 1936-இல் அரசு அதை ஏற்றது. 13 ரகத் திராட்சைகளுக்கு இடம் உண்டு. சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சைகூடச் சேரலாம். முதன்மை கிரெனாஷுக்கு. இனிப்பு மிகுந்த பழம், சாராய அளவு 14, 15 சதவீதத்தை எளிதில் தொடும். ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதற்கு நிறமும் மிளகு வாசமும் தருவது சிரா. துவர்ப்பும் தாங்குதிறனும் தருவது மூர்வேத்ர். தனி கிரெனாஷில் செய்வோரும் உண்டு, அருமையாகவும் செய்கிறார்கள். இருந்தும் நான் கலவையின் பக்கம்தான்.

நொதிக்கும் தொட்டியில் சக்கை மேலே மிதக்கும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒயினை வடித்தபின் சக்கையை அள்ள ஆள் உள்ளே இறங்க வேண்டும். அதற்குமுன் ஏற்றிய மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். சுடர் அணைந்தால் அடியில் கரியமில வாயு தேங்கியிருக்கிறது, மூச்சுக்கு ஆபத்து. சுடர் அணைந்தது; காற்றாடியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படாததைக் கண்டு மனம் நிறைந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ‘தோப்’ வந்தது. மாட்டிறைச்சியை முந்தின நாளே சிவப்பு ஒயினிலும் ஆரஞ்சுத் தோலிலும் தைம் இலையிலும் ஊறவைத்து, மண்சட்டியில் மணிக்கணக்காக இளந்தீயில் வேகவைப்பது. சட்டியின் மூடி குழிவாக இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிவைத்தால் ஆவி உள்ளேயே குளிர்ந்து திரும்ப இறங்கும். கூடவே மாக்கரோனி, கறுப்பு ஆலிவ் துவையல். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் ஒயினின் துவர்ப்பைத் தணிக்கின்றன. அடுத்த வாயில் இறைச்சி புதிதாகச் சுவைக்கிறது. தைம் தடவிச் சுட்ட ஆட்டுக்கால், காட்டுப்பன்றிக் குழம்பு, கத்தரிக்காயும் தக்காளியும் குழைந்த ரத்தத்தூயி எல்லாம் இந்தச் சிவப்பு ஒயினுக்குச் சேரும். ஆட்டுப்பால் சீஸுக்கு ஊர்க்காரர்கள் இதையும் குடிக்கிறார்கள், எனக்கு வெள்ளை ஒயினே பொருத்தம். மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம்: சாராயம் எரிச்சலை ஏற்றிவிடும், பழச்சுவை காணாமல் போகும்.

அன்று தொட்டிக்குப் போனது கிரெனாஷ் மட்டுமே. தாமதமாகப் பழுக்கும் மூர்வேத்ரைப் பறிக்க அதே குழு மறுபடி வரவேண்டும். ரகங்களைச் சுவைத்துச் சுவைத்து விகிதம் முடிவுசெய்வது அதற்கும் பல மாதம் கழித்து.