கண்ணாடித் தொட்டி கற்பித்த பாடம்

  

ஆண்டுதோறும் இம்மலரில் கல்வி, ஒழுக்கம், தேர்வு ஆகியவை பற்றி எழுதுவது எமது வழக்கம். இம்முறை யாம் செய்த பிழையொன்றைப் பற்றி எழுத விழைகின்றோம். பிறர் பிழையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன், தன் பிழையையும் ஒருமுறை எடுத்துரைப்பது முறைதானே?

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம் வீட்டு முன்கூடத்தில் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தோம். பட்டணத்து மீன் கடையில் ஓர் ஆண், மூன்று பெண் என நான்கு கப்பி மீன்களை வாங்கி அதில் விட்டோம். ஆண் மீன் உருவில் சிறியது, வண்ண வாலுடையது. பெண் மீன் பெரியது, சாம்பல் நிறமுடையது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் இருத்தல் நலம். இல்லையேல் ஆண் மீன் ஓயாது துரத்த, பெண் மீன் இளைத்துவிடும்.

இம்மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதனை அடுத்த டிரினிடாட் தீவும் ஆகும். அத்தீவில் வாழ்ந்த கப்பி என்னும் இயற்கை ஆய்வாளர், இலண்டன் அருங்காட்சியகத்திற்கு இம்மீன்களை அனுப்பி வைத்தார். 1866ஆம் ஆண்டில் அவர் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. கொசுப்புழுக்களைத் தின்னும் என்பதால் பின்னர் இது பல நாடுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டது. நம் லயத்து வீடுகளின் பின்னால் ஓடும் கால்வாயிலும் இதனைக் காணலாம்.

பெரும்பாலான மீன்களைப் போல் கப்பி முட்டையிடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, குஞ்சுகள் உயிருடன் வெளிவருகின்றன. கருக்காலம் ஏறத்தாழ நான்கு வாரம். வயிறு பருத்து, அதன் பின்புறத்திலுள்ள கரும்புள்ளி அகன்று காணப்பட்டால் ஈனும் நாள் நெருங்கிவிட்டது என அறியலாம்.

இவற்றையெல்லாம் நூலில் படித்திருந்தோம். படித்த செருக்கே எமக்குப் பகையாயிற்று. ஒரு மீனின் வயிறு பருத்ததும், துளைகளுள்ள சிறிய நெகிழிப் பெட்டி ஒன்றில் அதனை அடைத்தோம். ஈனுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நாள்தோறும் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். தூய்மை வேண்டும் எனக் கருதி, ஒருநாள் தொட்டி நீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் குழாய் நீரை அப்படியே நிரப்பினோம். குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுளைத் தாக்கும் என்பதை அப்போது எண்ணினோமில்லை. அன்று மாலை அம்மீன் இரை உண்ணவில்லை. மறுநாள் காலையில் இறந்து மிதந்தது.

"பிள்ளைத்தாய்ச்சியைச் சிறையில் அடைத்து, நாளும் தூக்கிப் பார்த்தால் அவள் தாங்குவாளா?" என்று எம் துணைவியார் கேட்டார். யாம் மறுமொழி கூறவில்லை.

இரண்டாவது மீன் தொட்டியிலேயே ஈன்றது. இரவில் பத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளைக் கண்டோம். விடிந்தபோது இரண்டே எஞ்சியிருந்தன. கப்பிக்குத் தன் குஞ்சு, பிறர் குஞ்சு என்ற வேறுபாடு தெரியாது. வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரையே.

அந்த வாரத்தில், படிவம் ஒன்றில் கையொப்பம் பெறுவதற்காக ஒரு மூதாட்டியார் தம் பேரனுடன் எம் இல்லம் வந்தார். பையன் நான்காம் ஆண்டு மாணவன். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். வகுப்பில் வாய் திறவாதவன் அவன். ஆசிரியர் பாடம் நடத்தும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன். முந்திய ஆண்டு அவனுடைய மதிப்பெண் அறிக்கையில் "கவனமில்லாதவன்" என்று எம் கையாலேயே எழுதியிருந்தோம்.

அவன் தொட்டியருகே நெடுநேரம் நின்றான். பிறகு மெல்லிய குரலில், "ஐயா, இதில் குஞ்சு ஒளிவதற்கு இடமே இல்லையே" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும், தம்பி?"

"எங்கள் லயத்துக் கால்வாயில் சிமெண்டு போட்ட பக்கம் பெரிய மீன்தான் இருக்கும், ஐயா. புல்லும் பாசியும் இருக்கும் பக்கம்தான் குஞ்சு இருக்கும். நான் தினமும் பார்ப்பேன்."

மறுநாள் ஒரு மைலோ டின் நிறையப் பாசிச் செடி கொண்டுவந்தான். அதனை நன்கு அலசித் தொட்டியின் ஒரு பக்கத்தில் அடர்த்தியாக மிதக்க விட்டோம். மூன்றாவது மீனை எப்பெட்டியிலும் அடைக்கவில்லை. அது ஈன்ற அன்று பையனை அழைத்து எண்ணச் சொன்னோம். யாம் எண்ணியது பத்தொன்பது. அவன் எண்ணியது இருபத்து மூன்று. மீண்டும் எண்ணினோம். அவன் கணக்கே சரி.

பின்னர் யாம் கடைப்பிடித்த முறைகளை, மீன் வளர்க்க விரும்பும் மாணவர்களுக்காகக் கூறுகின்றோம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, ஊசி முனையளவு எடுத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை குஞ்சுகளுக்கு இட வேண்டும். மிகுந்தால் நீர் கெடும். எஞ்சியதை அகற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டுமே மாற்ற வேண்டும். அந்நீரையும் முதல்நாளே வாளியில் திறந்து வைத்துக் குளோரின் நீங்கச் செய்தல் வேண்டும். ஒரு மாதமானதும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுதல் நன்று. இரண்டு மூன்று மாதத்திலேயே அவை தாய்தந்தையாகிவிடும். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண் மீன், ஆணின்றியே பல முறை ஈனவும் வல்லது. மிகுந்த மீன்களை நண்பர்க்கு அளியுங்கள். ஆற்றிலும் ஓடையிலும் விடாதீர்கள். அவை பெருகினால் அங்குள்ள மீன்களுக்கு இடர் விளையும்.

எம் அன்னையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எம்மை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்வார். அங்குக் கட்டியிருந்த தூளிகளும் ஆயாவின் மடியும்தான் அன்று எமக்குக் கிடைத்த பாசிச் செடி. அதனை அறிந்து வளர்ந்த யாமே, ஒரு சிற்றுயிருக்கு ஒளிவிடம் வேண்டும் என்பதை மறந்தோம். பையனோ மறக்கவில்லை, ஏனெனில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிச் சபையில் அவனைப் பேசச் செய்தோம். மூன்று நிமிடம், தட்டுத் தடுமாறிப் பேசினான். அதனால் அவன் மதிப்பெண் உடனே உயர்ந்துவிடவில்லை. ஆனால் வகுப்பில் கேள்வி கேட்கத் தொடங்கினான். அவ்வாண்டு இறுதி அறிக்கையில், "கூர்ந்து நோக்கும் இயல்புடையவன்" என்று எழுதினோம். முந்திய ஆண்டு எழுதிய சொல்லை எம்மால் அழிக்க இயலவில்லை. அது அவன் வீட்டில் இன்னும் இருக்கும்.

அவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அம்மீன்களின் வழிவந்தவை இன்றும் எம் தொட்டியில் உள்ளன. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கவனமில்லாதவன் என்று எம்மைப் போன்ற எவரேனும் எழுதினால் உடனே நம்பிவிடாதீர்கள். அவன் எதனைக் கவனிக்கின்றான் என்று ஒரு மாலைப் பொழுதில் அருகிலமர்ந்து கேளுங்கள்.