மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகையில் மாலை போட்டுவிட்டால் ஒரு சொட்டு தொடமாட்டேன். மலையிறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய கதைதான். “மனசு வெச்சா முடியுதுல்ல, அப்புறம் ஏன்டா?” என்பார் அம்மா. நியாயமான கேள்வி. எனக்கும் வெகுகாலம் பதில் தெரியவில்லை. விரதத்தில் நான் தனியாக இருந்ததே இல்லை. குருசாமி இருந்தார், சேர்ந்து சரணம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், முன்பின் தெரியாதவர்கூட ‘சாமி’ என்று கூப்பிட்டார். மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டமும் கலைந்துவிடும்.

குடியை விடுவதில் உடம்பின் பங்கு தனி. பல வருடம் தினமும் குடித்தவர் வீராப்பாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரலாம், உயிரே போகலாம். அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். எனக்கும் ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியுமாகச் சில நாள் கழிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. போனில் இருந்த நண்பர்கள் அத்தனை பேரும் குடிக்கூட்டாளிகள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அறிவுரை சொன்னார்கள். மீதிப் பேர் கல்யாண வீட்டு மாடியில் “ஒரு பீர்தானே மாப்ளே” என்றார்கள். இரண்டுமே தாங்க முடியாதவை.

அப்படித்தான் ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனேன். ஒரு பள்ளி வகுப்பறை, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார், சொந்த ஊரைச் சொல்வதுபோல. கட்டணம் கிடையாது, டீச் செலவுக்கு இஷ்டப்பட்டதைப் போடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. கழிவறை ஃப்ளஷ் டேங்கில் குவார்ட்டரை ஒளித்த கதையை ஒருவர் சொன்னதும் அறையே சிரித்தது. என் வீட்டில் அதைச் சொல்லி யாரும் சிரிக்க முடியாது. இங்கே முடிந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் அந்த டேங்கைத் தெரியும்.

பதினெட்டுப் படி ஏறி இறங்கியும் திருந்தாத எனக்கு, குடியிலிருந்து மீள இவர்கள் சொல்லும் பன்னிரண்டு படிகளில் முதலில் நம்பிக்கை வரவில்லை. கடவுள் வேறு அடிக்கடி வருகிறார். என் மனதை மாற்றியது ஏஏ பிறந்த கதை. 1935 மே மாதம், நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன் அமெரிக்காவின் அக்ரன் நகரில் வியாபாரம் கைகூடாமல் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். பக்கத்தில் பாரின் சிரிப்புச் சத்தம். பயந்துபோய்ப் பாதிரியார் ஒருவருக்குப் போன் போடுகிறார்; பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று தேடுகிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் பல மணி நேரம் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10தான் ஏஏயின் பிறந்தநாள். பாப்பைத் திருத்துவதைவிட அன்றைய பொழுதைத் தான் குடிக்காமல் கடத்துவதுதான் பில்லின் முதல் கவலை. எனக்குப் பிடித்தது அந்தச் சுயநலம்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த 27 ஆய்வுகளை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் முறையாக ஏஏவோடு இணைக்கும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்கிறது. 

என் ஸ்பான்சர், அதாவது ஏஏவில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர். “குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க தம்பி. குடிச்சுட்டுக் கூப்பிட்டா நான் என்ன பண்றது?” என்பார். ஒருநாள் நடுராத்திரி கூப்பிட்டுப் பேசி முடித்து மன்னிப்புக் கேட்டேன். “இல்ல தம்பி, இன்னைக்கு எனக்கும் ஒருமாதிரிதான் இருந்துச்சு. நல்லவேளை கூப்பிட்டீங்க” என்றார்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக நடக்கிறது. பில்லின் மனைவி லோயிஸும் அவர் தோழி ஒருவரும் 1951இல் ஆரம்பித்தது. என் மனைவி இப்போது அங்கே போகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று அவள் சொன்னதில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறாள். ஃப்ளஷ் டேங்க் அவளுக்கும் தெரிந்ததுதானே.